பதினாலு சென்ட் குறைக்க இவ்வளவு பாடா?

கீபோர்டுக்குள் ஸ்வரங்களின் சுருதியைத் திருத்தும் ஒரு வசதியை வைத்துவிட்டு, அதைத் தொட ஒரு பொத்தான்கூட வைக்காமல் விற்பது எந்த ஊர் நியாயம்?

மார்கழி வந்தால் மயிலாப்பூர் பக்கம் ஃப்யூஷன் கச்சேரிகளுக்கு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். தம்புரா ஓடும்போது பாடகர் அந்தர காந்தாரத்தில் நின்றால், அது ஸட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட்டில் நிற்கும். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். கீபோர்டு காந்தாரமோ 400. பதினாலு சென்ட் தூக்கல். முன்வரிசையில் காது உள்ளவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "காந்தாரத்தை மட்டும் விட்டுடுங்க சார்" என்கிறார் பாடகர். கல்யாணியில் காந்தாரத்தை விட்டுவிட்டு எதை வாசிப்பது?

இத்தனைக்கும் பன்னிரண்டு ஸ்வரத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஸ்கேல் ட்யூனிங் என் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது! மெனுவில் எங்கு தேடினாலும் கிடைக்காது. கையேட்டின் கடைசியில், பொடி எழுத்து மிடி அட்டவணையில் (மிடி என்பது இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) ஒளித்து வைத்திருக்கிறார்கள். கணினியிலிருந்து சிஸ்எக்ஸ், அதாவது அந்த நிறுவனத்தின் கருவிக்கே உரிய மிடி கட்டளை, அனுப்பினால்தான் திறக்குமாம். எஃப்0 என்று தொடங்கி எஃப்7 என்று முடிகிற, பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண் சரம். நடுவில் நிறுவன எண், முகவரி, மதிப்பு, பிழை இருக்கிறதா என்று பார்க்க, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய செக்சம் என்ற எண். 64 என்றால் மாற்றமில்லை, 14 குறைக்க 50, அதை ஹெக்ஸில் 32 என்று எழுத வேண்டும். ஓர் எண் பிசகினாலும் கீபோர்டு வாயே திறக்காது. ஏற்றுக்கொண்டதா, தூக்கிப் போட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது?

இதையெல்லாம் கணினித் திரையிலேயே திருத்த எடிட்டர் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். நிறுவனம் கொடுத்தது பழைய 32 பிட் வகை. 2019-இல் ஆப்பிள் கணினிகளுக்கு மேக்ஓஎஸ் கேட்டலினா வந்ததும், அவற்றில் 32 பிட் மென்பொருள் மொத்தமும் ஓடாமல் போனது. புதிதாக எழுதித் தர அவர்களுக்கு மனமில்லை. கேட்டால், அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். கீபோர்டு இன்னும் கல்லு மாதிரி ஓடுகிறது ஐயா!

ரிச்சி தெருவில் வாங்கிய மலிவு மிடி கேபிள் தனிக்கதை. நோட்டு எல்லாம் ஒழுங்காகப் போகும். நீளமான சிஸ்எக்ஸ் வந்தால் பாதியை விழுங்கிவிடும். கடைக்காரர் "லைட் எரியுதே சார்" என்கிறார்.

1986-இல் வந்த யமஹா எஃப்பி-01, 1987-இல் வந்த ரோலண்ட் எம்டி-32, கட்டைகளே இல்லாத இந்த ஒலிப்பெட்டிகள் இரண்டிலும் ஒலியைத் திருத்த முகப்பில் வழி கிடையாது, வெளியிலிருந்து மிடி வழியாகத்தான். சின்னப் பெட்டி, நாலு பொத்தான், சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு உள்ளங்கை அகலத்துக்கு வண்ணத்திரை வைக்கிறீர்கள். அதில் விளம்பர டெமோ ஓட்ட இடமிருக்கிறது, பன்னிரண்டு எண்களைக் காட்ட மட்டும் இடமில்லையா?

கமகத்துக்கு, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் அகலத்தைக் கூட்டுவதும் இதே கதைதான். மிடியில் கண்ட்ரோலர் என்ற எண்ணிட்ட கட்டளைகளில் 101-க்கும் 100-க்கும் பூஜ்யம், அப்புறம் 6-இல் எத்தனை அரைச்சுரம் என்ற எண். அதையும் அணைத்ததும் மறந்துவிடும். சபா மேடையில் கரண்ட் போய் வந்தால், தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் லேப்டாப்பைத் திறந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

மெனுவில் ஒரே ஒரு பக்கம் போடுங்கள், போதும். அது முடியாதென்றால் அந்தப் பழைய எடிட்டரின் மூல நிரலையாவது வெளியே விடுங்கள். எடிசின் மாதிரி இலவச எடிட்டரை எழுதி, உங்களைப் போன்றவர்கள் கைவிட்ட கருவிகளுக்கு உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களாவது செய்து கொடுப்பார்கள்.