சௌசௌ போட்டால் கூட்டு ஆகிவிடாது

நேற்று நான் போட்ட மெக்சிகோ கோழி சூப் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பதில் சொல்ல வேண்டாம் என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை.

"சீஸ் இல்லை, சிப்ஸ் இல்லை. கோழி போட்ட சௌசௌ கூட்டுக்கு மெக்சிகோ பெயரா?" என்று ஒருவர் கேட்க, அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அதன் பெயர் கால்டோ டே போயோ. கோழிச் சாறு என்று அர்த்தம். மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு வைக்கிற சூப். சௌசௌ அந்த மண்ணின் காய். அங்கே பேசுகிற நாவாட்ல் என்கிற பழங்குடி மொழியின் சொல்தான் ஸ்பானிஷில் சயோத்தே ஆனது. நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர் வைத்துவிட்டால் அது பெங்களூரில் பிறந்ததாகிவிடுமா? மக்காச்சோளத்தை ஏறக்குறைய 9000 வருடங்களுக்கு முன்பே பயிராக்கியதும் அந்த மக்கள்தான். கோழி, கோஸ், கேரட், அரிசி, கொத்தமல்லி எல்லாம் ஸ்பானியர்களோடு வந்தவை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? நம் சாம்பாரில் மிளகாய் இல்லையா?

வறுத்த தோர்த்தியாவும் (சோள மாவு ரொட்டி) சீஸும் போடும் சூப்பும் உண்டு, சோப்பா ஆஸ்தேகா என்பார்கள். புகை வாசனையுள்ள சிபோத்லே மிளகாயும் கொண்டைக்கடலையும் போட்டு வைக்கும் கால்டோ த்லால்பெனோவும் உண்டு. அவை வேறு, இது வேறு. ஓட்டலில் கிடைப்பது மட்டும்தான் ஒரு நாட்டின் சமையல் என்று யார் சொன்னது? ரசத்தில் கறி பவுடர் இல்லையே, இது இந்தியச் சாப்பாடா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் நாம் சும்மா இருப்போமா?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஹூஸ்டனில் எங்கள் மாடி வீட்டு அம்மா. மெக்சிகோவின் புவெப்லாக்காரர். மூத்தவள் பிறந்த சமயம், என்னைப் பெற்ற அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு போட ஆள் இல்லாமல் ரொட்டியும் பாலுமாகக் கிடந்தேன். ஒருநாள் அந்த மாடி வீட்டு அம்மா துணி சுற்றிய பெரிய பானையோடு கதவைத் தட்டினார். "சாப்பிடு, மிஹா" என்றார். மிஹா என்றால் மகளே. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சோளத் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் அவர் அடுப்படியிலேயே நின்று கற்றுக்கொண்டேன். ஒன்றரைக் கிலோ கோழி, எலும்போடு, தொடையும் காலுமாக. மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரில் பாதி வெங்காயம், நாலு பல் பூண்டு, உப்பு. கொதி வரும்போது சாம்பல் நிற நுரை பொங்கும், பக்கத்திலேயே நின்று அதைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். அப்புறம் தீயைக் குறைத்து அரை மணி நேரம். அடுத்து மூன்றாக வெட்டிய சோளக் கதிர், கேரட், உருளைக்கிழங்கு. கொஞ்ச நேரம் கழித்துச் சௌசௌ. சுக்கினியும் (வெள்ளரி மாதிரி இருக்கும் பூசணி வகை) கோஸும் கடைசிப் பத்து நிமிடம்தான். கொத்தமல்லியை நறுக்காமல் கட்டாகவே போட்டு எடுத்துவிடுவார், கூடவே ஒரு கொத்து புதினா. காய்த் துண்டு ஒவ்வொன்றும் கரண்டியை நிறைக்கிற அளவு இருக்கும், கரையவே கூடாது. கிண்ணத்தில் தக்காளிச் சோறு போல ஒரு சிவப்புச் சோறு, மேலே சூப், அவகாடோ, பச்சை மிளகாய், நிறைய எலுமிச்சை. கடித்துக்கொள்ளச் சுடச்சுடச் சோளத் தோர்த்தியா.

குக்கரில் நாலு விசில் விட்டால் ஆகாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆகாது தம்பி.

"விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா?" என்றும் கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு கோபம்தான். சூப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பேன். தெரியாத ஒன்றைப் பொய் என்று சொன்னீர்கள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஒரு தாய் வைக்கிற சாற்றை மெக்சிகோ சாப்பாடே இல்லை என்று சொல்ல எங்கிருந்து மனசு வருகிறது?

அந்த அம்மா இப்போது புவெப்லாவுக்கே திரும்பிப் போய்விட்டார். அந்தப் படத்தை அவருக்காகத்தான் போட்டேன். நேற்று ராத்திரி வீடியோவில் கூப்பிட்டார். நிறம் சரியாக வந்திருக்கிறது, சுக்கினிதான் ஒரு கொதி அதிகம் என்றார். தமிழ் தெரியாது அவருக்கு. கீழே இருந்த பொம்மைகளைப் பார்த்துவிட்டு, "எல்லோருக்கும் சந்தோஷமா, மிஹா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.