மூக்கில் இருந்தாலே மூளைக்குப் போய்விடாது

மெனிங்கோகாக்கஸ் என்பது மூளையைச் சுற்றியுள்ள மூளையுறையில் அழற்சியை உண்டாக்கக்கூடிய ஒரு பாக்டீரியா. “மெனிங்கோகாக்கஸ் மூக்கில் நுழைந்தால் செல்களைத் துளைத்துக்கொண்டு நேராக மூளைக்குப் போய்விடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, வீண் பயத்தையும் கிளப்பும். பெரியவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் மூக்கு-தொண்டைப் பகுதியில் இந்தப் பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது.

அது முதலில் செய்வது துளைப்பதல்ல, ஒட்டிக்கொள்வது. பிலஸ் என்ற மெல்லிய இழைகளை நீட்டி, குற்றிழைகள் (செல்லின் மேலுள்ள நுண்ணிய மயிர் போன்ற இழைகள்) இல்லாத செல்களைப் பற்றிக்கொண்டு, சிறு கூட்டமாகப் பெருகுகிறது. அப்புறம் ஓபா போன்ற வெளிப்புரதங்களால் இன்னும் நெருக்கமாக ஒட்டுகிறது. இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது அதன் சர்க்கரை உறைதான். ஒட்டுவதற்கு அந்த உறை இடைஞ்சல். ஆனால் ரத்தத்துக்குள் நோய் எதிர்ப்பு சக்தியிலிருந்து தப்ப அதுவே கவசம். அதனால் தொண்டையில் வாழும் பலவற்றில் உறையே இருப்பதில்லை.

செல்களைக் கடந்து ரத்தத்தில் கலப்பது அரிதாகவே நடக்கும். மூளையுறையை அது எட்டுவதும் பெரும்பாலும் ரத்தம் வழியாகத்தான். ஆனால் அப்படிக் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகளோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.