கடைசிப் பத்து நொடி போதாது

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சித்தி, உங்களுக்குப் புடிச்சது ஒண்ணு காட்டறேன் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் பட்டர்ஃப்ளை (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் முறை) இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் சுவரைத் தொடுகிற கடைசிப் பத்து நொடி அதில் ஓடியது. அதன்மேல் யாரோ லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து டிரம்ஸை மட்டும் நறுக்கி எடுத்து ஒட்டியிருந்தார்கள். நான் உயிராக நினைக்கும் நீச்சல், ராக் இசை, தொலைக்காட்சி மூன்றும் அந்தப் பத்து நொடிக்குள் இருந்தன. என்மேல் உள்ள பிரியத்தில்தான் அவள் காட்டினாள் என்பது தெரிந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிட நினைக்கிறேன்.

அந்தப் போட்டியை நான் நேரலையில் பார்த்தேன். 2008 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. நம் நேரப்படி காலை 7.40 மணி வாக்கில் நடந்தது. ஒலிம்பிக் நீச்சலின் இறுதிப் போட்டிகள் மாலையில் நடப்பதே வழக்கமாக இருந்தாலும், அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நேரப் பார்வையாளர்களுக்காகப் பெய்ஜிங்கில் அவற்றைக் காலைக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் நமக்கு அது காப்பி குடிக்கும் நேரமாக அமைந்தது. நான்காவது தடத்தில் செர்பியாவின் மிலோராட் சாவிச். ஐந்தாவது தடத்தில் ஃபெல்ப்ஸ். 50 மீட்டரில் சாவிச் 23.42 நொடியில் முதல் ஆளாகத் திரும்பினார். ஃபெல்ப்ஸ் 24.04 நொடியில், எட்டுப் பேரில் ஏழாவதாகத் திரும்பினார். அந்த ஒலிம்பிக்கில் அதுவரை ஆறு தங்கம் வென்றிருந்தவர், 1972-இல் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் ஒரே ஒலிம்பிக்கில் எட்டிய ஏழு தங்கம் என்ற எண்ணிக்கையைத் தொட வேண்டிய போட்டியில் ஏழாவது ஆளாகத் திரும்பியதைப் பார்த்தபோது, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மிச்சமிருந்த 50 மீட்டரும் ஒவ்வொரு கைவீச்சாக அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்ததன் கதைதான். சுவருக்கு அருகில் சாவிச் இரு கைகளையும் நீட்டியபடி மிதந்து போக, ஃபெல்ப்ஸ் இன்னொரு அரை வீச்சு போட்டுச் சுவரை அடித்தார். ஃபெல்ப்ஸ் 50.58 நொடி, சாவிச் 50.59 நொடி. வெறும் கண்ணுக்குச் சாவிச்தான் வென்றதாகத் தெரிந்தது. ஆனால் சுவரில் பதித்திருக்கும் தொடுபலகைக்குக் கை பட்டால் மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். இல்லையென்றால் அலை மோதினாலும் கடிகாரம் நின்றுவிடும். செர்பியத் தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்டு, பதிவான படங்களைப் பார்த்த பிறகும் முடிவு மாறவில்லை.

நீச்சல் நேரத்தை நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வதற்கும் ஒரு காரணம் உண்டு. 1972 மியூனிக்கில் நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். கட்டுமானத்தில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இருக்கக்கூடிய நீள வித்தியாசமே அதைவிடப் பெரியது என்பதால், அதன் பிறகு ஆயிரத்தில் கணக்கிடுவதைக் கைவிட்டார்கள். அதனால்தான் 2016 ரியோவில் இதே 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வெல்ல, அவருக்குப் பின்னால் ஃபெல்ப்ஸ், சாத் லெ கிளோஸ், லாஸ்லோ செஹ் மூவரும் 51.14 நொடியில் வந்து மூவருமே வெள்ளி பெற்றார்கள். கடைசிப் பத்து நொடியை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு ஒருவர் ஜெயித்தார் என்பது தெரியும். ஏழாவதாகத் திரும்பியவர் ஜெயித்தார் என்பது தெரியவே தெரியாது. அது தெரியாமல் அந்த முடிவில் வியக்க என்ன இருக்கிறது?

முழுதாகப் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது தொலைக்காட்சிதான். அதை முட்டாள் பெட்டி என்று சொல்வதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே தரையில் உட்கார்ந்திருக்கும். அரை மணி நேரத்துக்கு யாரும் எழுந்து போகமாட்டார்கள். போனால் போனதுதான், திரும்ப வராது. கரண்ட் போய்விட்டால் அந்த வாரம் நமக்கு இல்லை. அந்தக் கட்டாயத்தில் பிடிக்காத பாட்டையும் பார்த்தோம். பிடிக்காததாக நினைத்த ஒன்று மூன்றாவது வாரம் பிடித்துப்போனது. எது பிடிக்கும் என்று முன்கூட்டியே யூகித்து ஊட்டும் இன்றைய கைப்பேசியில் அந்த மூன்றாவது வாரம் வருவதே இல்லை.

1994-இல் அதே டிவியில்தான் குற்றாலீஸ்வரனைப் பார்த்தேன். கிட்டத்தட்ட என் வயதுப் பையன், அந்த ஒரே ஆண்டில் பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்வழிகளை நீந்திக் கடந்து, 1966-இல் ஐந்தைக் கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினான். எனக்கு நீந்தத் தெரியும் என்பதால் அது எத்தனை பெரிய காரியம் என்பதும் தெரிந்தது. ஆறு வயதில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) என் முதுகில் மிதப்பதற்காகச் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டிருந்தார். ஒன்பது வயதில் திட்டிலிருந்து குதிப்பேன். ஆனால் அவன் கடலைக் கடந்த அதே ஆண்டில், நான் பெரியவளாகிவிட்டேன் என்று சொல்லி என்னைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. மாமன் மகன்கள் குதிக்கிற சத்தம் மட்டும் வீடு வரை கேட்கும். ஆரத்தி சாஹா என்ற வங்கப் பெண் 1959-லேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர், ஆசியப் பெண்களில் முதல்வர் என்பதை அன்று எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. தெரிந்திருந்தால் ஒரு வாதமாவது செய்திருப்பேன்.

அந்தச் சத்தத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது ஒரு கேசட். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த மாமன் மகன் ஹாஸ்டலில் பதிந்து கொண்டுவந்த 90 நிமிடக் கேசட் அது. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஏறக்குறைய 43 நிமிடம் ஓடும். ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்கியிருந்தது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும், ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் கலந்துவிடும் அந்த ஆல்பத்தை நான் தனித்தனிப் பாட்டாகக் கேட்டதே இல்லை. தள்ளி ஓட்டினால் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரியாது, டேப் சிக்கிக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. ஆகவே போட்டால் 43 நிமிடமும் கேட்பேன்.

தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு வரிகள் பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் நடுவில், வரிகளே இல்லாமல் ஒரு பெண் குரல் மட்டும் எழுந்து, கதறி, தேய்ந்து, முனகலாக அடங்கும் ஒரு பாட்டு வரும். முதல்முறை கேட்டபோதே அது ஒப்பாரி என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் பெரிய சாவுகளில் சொல் தீர்ந்த பிறகும் குரல் தீராமல் நீளுமே, அதே இழுவை, அதே உடைவு. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது சாவைப் பற்றிய பாட்டு என்று படித்தேன். பாடியவர் கிளேர் டோரி. ஒரு நாள் பதிவுக்காக அழைக்கப்பட்டு, 30 பவுண்டு கூலிக்கு, சொற்கள் வேண்டாம் என்றதால் தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துப் பாடிவிட்டுப் போனவர். அந்த மெட்டில் தனக்கும் பங்குண்டு என்று 2004-இல் வழக்குத் தொடுத்தார்; 2005-இல் சமரசமாக முடிந்து, பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. மிகச் சரியான தீர்வு என்பது என் உறுதியான எண்ணம். அந்த நான்கே முக்கால் நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டால் ஒரு பியானோவும் பின்னணியும்தான் மிஞ்சும்.

அடுத்து வரும் 'மணி' (Money, அதாவது பணம்) என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. காசு குலுங்கும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம் எல்லாவற்றையும் பதிந்து, டேப்பை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி அந்த ஏழு எண்ணிக்கையை உருவாக்கியிருக்கிறார்கள். கிட்டார் தனியாக எழும் இடத்தில் மட்டும் தாளம் நான்குக்கு மாறி, பின் ஏழுக்குத் திரும்பும். நம் கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய காதுக்கு இதில் அந்நியமாக எதுவுமில்லை. தகிட தகதிமி என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காணொளியில் நறுக்கி ஒட்டியிருந்த டிரம்ஸுக்கு வருகிறேன். அது 1971-இல் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக்கட்டின் கீழே கூடத்தில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அடி விழுந்து, படிக்கட்டுச் சுவர்களில் ஏறி மேலே போய், சற்றுத் தாமதமாக நம்மை வந்து சேரும். கிணற்றுக்குள் நின்று கத்தியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். எனக்கு முதல்முறை கேட்டபோது வயிற்றில் ஏதோ புரண்டது; எங்கள் கிணறு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. ஏழு நிமிடப் பாட்டில் அந்த அடி அவசரப்படாமல், பெருவெள்ளம் ஏறுவதைப் போல ஏறிக்கொண்டே போகும். 1980-இல் பான்ஹம் இறந்ததும், அவர் இல்லாமல் தொடர முடியாது என்று குழுவையே கலைத்துவிட்டார்கள் என்பதை, இந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

நாற்பது வயதில் நான் மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். நகரத்து நீச்சல் குளம், 25 மீட்டர் நீளம். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலே இருக்கும். ஃப்ரீஸ்டைலில் முகம் நீருக்குள் இருக்க வேண்டும். முதல் நாள் பாதித் தூரத்தில் மூச்சு முட்டித் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சை அடக்காதீங்க மேடம், தண்ணிக்குள்ளயே விட்டுட்டே இருங்க" என்று கோச் அம்மா சொன்ன ஒரு வாக்கியம் உடம்புக்குள் இறங்க மூன்று மாதம் ஆனது. நீருக்குள் குமிழியாக விட்டுக்கொண்டே இருந்தால்தான், தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அரை நொடியில் இழுக்க மட்டும் நேரம் இருக்கும். இப்போது நாற்பது லென்த், அதாவது ஒரு கிலோமீட்டர், நிற்காமல் போகிறேன். முதல் பத்து லென்த்தில் தோளும் மூச்சும் தகராறு செய்யும். பதினைந்துக்குமேல் அவை ஓய்ந்து, காதில் நீரின் இரைச்சல் மட்டும் இருக்கும். சில நாள் மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு, அடுத்து நான்கு வீச்சுக்கு ஒரு மூச்சு என்று மாற்றி மாற்றிப் போவேன். தகிட தகதிமி. அந்த இருபதாவது லென்த்தை, முதல் பத்தைக் கடக்காமல் யாரும் எனக்கு வெட்டி எடுத்துக் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். நான் போகும் குளத்தில் பெண்களுக்கான நேரம் வார நாள்களில் காலை 11 மணிக்குத்தான். வேலைக்குப் போகும் பெண் எவர் அந்த நேரத்தில் வர முடியும்? காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, பெண்கள் வருவதே குறைவு என்று கணக்குக் காட்டுவது நியாயமல்ல. வாரத்தில் இரண்டு காலைகளையாவது மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

"எல்லாத்தையும் முழுசா பார்க்க யாருக்கு நேரம் இருக்கு சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை முழுதாகவே 51 நொடிதான். அவள் காட்டிய துண்டைப் போல ஐந்து துண்டு பார்க்கிற நேரம். அந்த ஆல்பம் 43 நிமிடம். இரவு படுப்பதற்கு முன் விரல் தேய்க்கும் நேரத்தில் அது அடங்கிவிடும். துண்டைப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வாசல் கதவு. கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆறவில்லை.

பேச்சோடு நிறுத்தாமல் அன்று மாலையே கைப்பேசியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் தொடக்கத்திலிருந்து போட்டேன். பின்னணி இசை இல்லை. கூட்டத்தின் சத்தமும் வர்ணனையும் மட்டும். 50 மீட்டரில் ஃபெல்ப்ஸ் திரும்பியபோது "ஐயோ, இவ்வளவு பின்னாடியா?" என்றாள். முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாலாவது லேன்காரர் முதல்ல இருந்து முன்னாடியே வந்தாரே, பாவம், அவரு யாரு?" என்று கேட்டாள். சாவிச்சின் பெயரைச் சொன்னேன். "அவரை மட்டும் பார்க்கணும், மறுபடி போடுங்க" என்றாள். இந்த முறை நாங்கள் இருவரும் நான்காவது தடத்தை மட்டும் பார்த்தோம்.