நார்டூ விஷமல்ல: பரவும் செய்தி பற்றி

‘ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நார்டூ மாவு விஷம். பர்க், வில்ஸ் என்ற இரண்டு ஆய்வுப் பயணிகள் 1861-ல் அதைத் தின்றுதான் செத்தார்கள். காட்டு உணவு எதையும் நம்பாதீர்கள்’ என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதிக் கதைதான் அது.

நார்டூ ஒரு நீர்ப்பெரணி, நம்மூர் ஆரைக்கீரைக்குச் சொந்தம். அதன் வித்துகளை மூடியிருக்கும் கடினமான உறைகளில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருப்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக்கரையில் வாழ்ந்த யாந்த்ருவந்தா பழங்குடி மக்கள் அதை நிறைய நீர் விட்டு அரைத்துத்தான் தின்றார்கள். கூடவே மீனும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்குவம் தெரியாமல், கிட்டத்தட்ட நார்டூவை மட்டுமே நம்பிக் கிடந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு தளர்ந்துகொண்டே போவதாக வில்ஸே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பி1 குறைபாடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1994-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த கட்டுரை விளக்குகிறது, தேடிப் படிக்கலாம்.

ஃபார்வர்டு சொல்லாமல் விட்டது: அவர்களோடு இருந்த மூன்றாமவர் ஜான் கிங் பிழைத்தார். அவருக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்கள் அதே யாந்த்ருவந்தா மக்கள்தான்! செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை அவர்களோடுதான் இருந்தார்.

சரி, பக்குவம் தெரியாமல் யாரும் நார்டூவைச் சமைக்க வேண்டாம். ஆனால் வாட்டில் விதை (ஒருவகை வேல மர விதை), ககாடு பிளம் (ஒரு காட்டுப் பழம்) எல்லாம் இன்று அங்கே உணவகங்களில் சாதாரணமாகப் பரிமாறப்படுகின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.