ஜார்ஜ் கோஸ்டான்சா திருந்தியிருந்தால்

சிட்காம் என்கிற டிவி நகைச்சுவைத் தொடர்களில் வரும் ஆட்களில் ஒருவருக்குக்கூட நல்ல புத்தி இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பொய், கஞ்சத்தனம், பொறாமை, தற்பெருமை, கோழைத்தனம். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் காலிங் பெல் அடித்தாலும் கதவைத் திறக்க மாட்டோம். ஆனால் வாராவாரம் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து சிரிக்கிறோம். "நம்மைவிட மோசமானவனைப் பார்த்தால் ஒரு திருப்தி" என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது மட்டும்தான் காரணம் என்றால் குற்றச் செய்திகளைப் படித்தும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

கெட்ட குணம் தன்னளவில் சிரிப்பு தராது என்பது என் கட்சி. அந்தக் குணத்தை மூடி மறைக்க ஒருவன் படும் பாடு இருக்கிறதே, சிரிப்பு அங்கேதான். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கிலும் யாரோ ஒருவருடைய குறை ஒளிந்திருக்கிறது. நிறைகுடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பிபிசியின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தம் 12 எபிசோடுதான். அதில் 1979இல் வந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹோட்டல் முதலாளி பேசில் குதிரைப் பந்தயத்தில் 75 பவுண்டு ஜெயித்துவிடுகிறான். பந்தயம் கட்டக் கூடாது என்பது மனைவி சிபிலின் உத்தரவு. நேர்மையான ஆளாக இருந்தால் "கட்டினேன், ஜெயித்தேன், மன்னித்துவிடு" என்று சொல்லியிருப்பான். இரண்டு நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். பேசில் கோழை. அதனால் பணம் தன்னுடையது என்று வேலைக்காரப் பெண் பாலியைச் சொல்ல வைக்கிறான். பிறகு எதையும் மறந்துவிடுகிற மேஜரிடம் அதை ஒளித்துவைக்கக் கொடுக்கிறான். அதே நாளில், பேட்டரி வீணாகிவிடும் என்று காது மெஷினை அணைத்தே வைத்திருக்கும் ஒரு கிழவி, தன் அறையில் இருந்த 85 பவுண்டைக் காணோம் என்று கூச்சல் போடுகிறாள். அதற்கப்புறம் பேசில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர். ஒவ்வொரு சுவரும் அவனே கட்டியது. கடைசியில் அந்தக் கிழவி வாங்கிய பூஜாடி அவன் கையிலிருந்து விழுந்து உடைகிறது. அதன் விலை 75 பவுண்டு.

ஒரு பவுண்டு கூடவில்லை, குறையவில்லை. திருட்டுத்தனத்துக்கு ஜெயிலோ விவாகரத்தோ கிடைத்திருந்தால் அந்தக் காட்சி கனத்துப் போயிருக்கும். எதை ஒளித்தானோ அதை மட்டும் இழக்கிறான். தண்டனையின் எடை குற்றத்தின் எடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது பார்க்கிறவர்களுக்கு மனசாட்சி உறுத்தாமல் சிரிக்க முடிகிறது.

அந்தத் தொடரில் ஆட்களை எந்தெந்தப் படியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பேசிலுக்கு மேலே சிபில். அவளைக் கண்டால் அவனுக்கு நடுக்கம். கீழே சர்வர் மானுவல். அவன் தலையில் அடி. பக்கத்தில் பாலி, அந்த ஹோட்டலில் சுயபுத்தி உள்ள ஒரே ஆள். (பாலியாக நடித்த கோனி பூத், ஜான் க்ளீஸோடு சேர்ந்து அந்தத் தொடரை எழுதியவர்.) சிபிலை எடுத்துவிட்டால் பேசில் வெறும் அடாவடிக்காரன். மானுவலை அடிக்கிற கைக்குச் சிபில் முன்னால் நடுக்கம் வருவதால்தான் அவனைச் சகிக்கிறோம். பாலியை எடுத்துவிட்டால் "இது பைத்தியக்காரத்தனம்" என்று நம் சார்பில் முகம் சுளிக்க ஆள் கிடையாது.

கோபத்தை எதன்மேல் இறக்குவது என்பதும் ஒரு கணக்கு. இன்னொரு எபிசோடில் கார் நின்றுபோகிறது. பேசில் அதை எச்சரிக்கிறான், மூன்று வரை எண்ணுகிறான், "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்" என்று நியாயம் பேசுகிறான், திடீரென்று ஓடி மறைகிறான். கேமரா காரை விட்டு நகராமல் காத்திருக்கிறது. மரக்கிளை ஒன்றோடு திரும்பி வந்து காரை விளாசுகிறான். அந்தக் கிளை ஒரு மனிதன்மேல் விழுந்திருந்தால் சிரிப்பு அங்கேயே செத்திருக்கும்.

அமெரிக்காவில் அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதற்குள் ஒரு ஆசை, ஒரு பொய், அது குட்டி போடுவது, எல்லாம் சேர்ந்து வெடிப்பது என அத்தனையும் நடந்தாக வேண்டும். குறையுள்ள ஆளை வைத்தால் இந்த எஞ்சின் தானாக ஓடும். 1994இல் வந்த 'சைன்ஃபெல்ட்' எபிசோட் ஒன்றில், ஜார்ஜ் கோஸ்டான்சா ஒரு கடல் உயிரியல் நிபுணன் என்று ஜார்ஜின் பழைய கல்லூரித் தோழியிடம் அவன் நண்பன் ஜெர்ரி அளந்துவிடுகிறான். ஜார்ஜுக்கு அந்தப் பொய் பிடித்துப்போகிறது, காப்பாற்றுகிறான். கிளைக்கதையில் இன்னொரு நண்பன் கிரேமர் கடலைப் பார்த்து கோல்ஃப் பந்துகளை அடித்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் மூச்சுத்துளையிலிருந்து ஜார்ஜ் எடுக்கும் பொருள் கிரேமர் அடித்த பந்து! இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த விஷயம். அந்த வெற்றி மிதப்பில் ஜார்ஜ் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். அவள் போய்விடுகிறாள். பொய் சொன்ன வரைக்கும் காதல் இருந்தது. உண்மை பேசியதும் பஸ் பிடித்து வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே தொடரில் சாட்சி உண்டு. 1996இல் ஜார்ஜுக்கு நிச்சயமான பெண் சூசன், அவன் கஞ்சத்தனத்தால் தேர்ந்தெடுத்த மலிவான அழைப்பிதழ் உறைகளின் பசையை நக்கி நக்கி இறந்துபோகிறாள். செய்தி கேட்ட நண்பர்கள் காபி குடிக்கக் கிளம்புகிறார்கள். தர்க்கப்படி கச்சிதம்: கஞ்சத்தனம் வாங்கிய உறை, உறை வாங்கிய உயிர். ஆனால் விலை கொடுத்தது ஜார்ஜ் இல்லை, சூசன். எனக்கு அது இன்றுவரை தொண்டையில் நிற்கும் ஜோக்.

மோசமான ஆளை எத்தனை மணி நேரம் தாங்குவோம் என்பது வேறு கணக்கு. பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' 12 எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷலும்தான். அதனால் அதில் வரும் அசட்டு மேனேஜர் டேவிட் பிரென்டுக்குச் சலுகையே தராமல் ஓட்ட முடிந்தது. அமெரிக்கப் பதிப்பு ஒன்பது சீசன் ஓடியது. 2005இல் வந்த முதல் ஆறு எபிசோடுகளில் அதன் மேனேஜர் மைக்கேல் ஸ்காட் கிட்டத்தட்ட பிரென்டின் நகல்; வறண்டிருந்தான். இரண்டாவது சீசனில் ஒரு எபிசோடில், பெரிய வாடிக்கையாளர் ஒருவரை ஒரு சாதாரண உணவகத்துக்குக் கூட்டிப்போய் உளறிக்கொட்டுகிறான். மேலதிகாரி ஜான் தலையில் கைவைக்காத குறை. கடைசியில் ஆர்டரை முடித்துவிடுகிறான். ஆள் மேனேஜராகத்தான் உதவாக்கரை, சேல்ஸ்மேனாகக் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிட்டது. அவனுடைய அசட்டுத்தனத்தில் எதையும் குறைக்கவில்லை. இந்த ஆள் ஏன் இன்னும் வேலையில் இருக்கிறான் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' 2009இல் இதே பள்ளத்தில் விழுந்தது. ஆறு எபிசோட் வரைக்கும் அதன் நாயகி லெஸ்லி நோப் பெண் உடையில் மைக்கேல் ஸ்காட். அடுத்த சீசனில் லெஸ்லியைத் திருத்தியதைவிட, சுற்றி இருப்பவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையைத்தான் அதிகம் திருத்தினார்கள். கேலிக்குப் பதில் வியப்பு. அதே பிடிவாதம் அப்புறம் வேறு மாதிரி ஒலித்தது.

'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா'வில் பாலி மாதிரி ஒருவரும் கிடையாது, ஐந்து பேரும் அயோக்கியர்கள். 2005இலிருந்து எப்படி ஓடுகிறது? ஒருவரையொருவர் ஏமாற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, எவனும் ஜெயிப்பதில்லை. பாலி செய்த வேலையை இங்கே தலைப்பு அட்டை செய்கிறது. ஒன்றைச் செய்யவே மாட்டோம் என்று கும்பல் சாதித்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் அதைச் செய்யப்போகிறார்கள் என்று எபிசோடின் பெயர் திரையில் வந்து விழும்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் ஆர்ச்சி பங்கர் இனவெறி பேசுகிற குடும்பத்தலைவன். அவனைக் கிண்டல் செய்யவே தொடர். 1974இல் நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் பார்வையாளர்களை ஆராய்ந்தபோது, இன வெறுப்பு அதிகமுள்ளவர்கள் ஆர்ச்சியையே ரசித்தார்கள், அவன் பேச்சில் நியாயம் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. எள்ளல் எல்லோர் காதிலும் எள்ளலாகவே விழும் என்று எழுதுகிறவர்கள் நம்பக் கூடாது. கைதட்டல் வாங்கும் வசனம் கெட்டவன் வாயில் இருந்தால், அடுத்த வரியில் அவன் வழுக்கி விழ வேண்டும். அடுத்த எபிசோடில் விழுந்தால் போதாது.

மற்றபடி சொதப்பல்கள் எல்லாம் தெரிந்தவைதான். சீசனுக்குச் சீசன் குறையை ஊதிப் பெருக்கி ஆளைக் கார்ட்டூன் ஆக்குவது. எதற்கெடுத்தாலும் சோகமான சிறுவயதைக் காட்டி மன்னிப்பு வாங்கித்தருவது. கடைசி இரண்டு நிமிடம் பியானோ இசையில் கட்டிப்பிடிப்பது. "கட்டிப்பிடிப்பதும் கிடையாது, பாடம் கற்பதும் கிடையாது" என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் 'சைன்ஃபெல்ட்'டுக்கு விதி வைத்தது இதற்காகத்தான். ஆள் திருந்திவிட்டால் அடுத்த வாரம் எஞ்சினில் பெட்ரோல் இருக்காது.

14 மே 1998 அன்று வந்த 'சைன்ஃபெல்ட்' கடைசி எபிசோடைப் பலர் திட்டித்தீர்த்தார்கள். ஒருவனிடம் வழிப்பறி நடக்கும்போது உதவாமல் நின்று கேலி பேசி வீடியோ எடுத்ததற்காக நண்பர்கள் நால்வரையும் கோர்ட்டில் நிறுத்தி, பழைய எபிசோடுகளில் பாதிக்கப்பட்டவர்களைச் சாட்சிக்கு அழைத்து, ஓராண்டு சிறை. எனக்கும் அந்தக் கோர்ட் பிடிக்கவில்லை. ஒன்பது வருடம் வாராவாரம் தண்டனை வாங்கியவர்களுக்கு இன்னொரு நீதிபதி எதற்கு? ஆனால் சிறையில் உட்கார்ந்த பிறகு அவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். ஜார்ஜின் சட்டையில் இரண்டாவது பட்டன் இருக்கும் இடம் சரியில்லை என்கிறான் ஜெர்ரி. 1989இல் முதல் எபிசோட் தொடங்கியதும் அதே பட்டன் பேச்சில்தான். இதை ஏற்கனவே பேசியிருக்கிறோம் இல்லையா என்று ஜார்ஜ் கேட்கிறான்.