அந்தக் கூட்டில் கை வைத்திருக்கக் கூடாது

நேற்று நம் ஊர்க் குழுக்களில் சுற்றிய காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேப்பமரத்தில் ஏணியைச் சாய்த்து, காக்கைக் கூட்டிலிருந்த குயில் குஞ்சை எடுத்து வெயில் காயும் சுவரில் வைத்துவிட்டு, காக்கைக்கு நியாயம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னதையும், அதற்குப் படித்தவர்களே பாராட்டுத் தெரிவித்ததையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. காக்கை யாரிடமும் நியாயம் கேட்டு வரவில்லை. அந்தக் கூட்டில் கை வைத்திருக்கக் கூடாது.

குயில் கூடு கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் நடப்பதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. காக்கை முட்டை பொரிய 16, 17 நாட்கள் ஆகும். குயில் முட்டை 12 முதல் 14 நாட்களுக்குள் பொரிந்துவிடும். ஐரோப்பாவின் குயில் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடும். நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளர்கிறது. எங்கோ படித்த வேறொரு பறவையின் செயலுக்கு, நம் கொல்லையில் பிறந்த குஞ்சுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் அப்பத்தா இருந்தவரை, இரண்டாம் கட்டுச் சுவரில் சோறு வைக்காமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஒரு வைகாசியில், கூட்டை விட்டு வெளியே வந்த குயில் குஞ்சு அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து, இறக்கையை உதறிக் கத்திக்கொண்டே இருந்தது. பெரிய குயிலைக் கண்டால் தெருக்கோடி வரை துரத்துகிற அதே காக்கை, தொண்டை புடைக்கச் சோற்றை அள்ளி வந்து, திறந்த வாய்க்குள் அலகை முழுவதுமாக விட்டு ஊட்டியது. விரட்டட்டுமா என்று நான் கேட்டதற்கு, “பசிச்ச வாய்க்குப் போடுது, நீ ஏன்டா குறுக்க போறே” என்றார் அப்பத்தா. பள்ளிக்கூடம் பார்க்காத அவருக்கு இருந்த நிதானம் இன்று நமக்கு இல்லை.

காக்கைக் குஞ்சுகள் பட்டினி கிடக்காதா என்று கேட்பீர்கள். சில கூடுகளில் இரை பங்கு போய் அவை மெலிவதும் சாவதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காக்கையினம் அழிந்துவிடவில்லை. நம் வளவுகளில் அது இல்லாத காலை உண்டா? தவிட்டுக்குருவியின் கூட்டில், குயில் இனத்தைச் சேர்ந்த சுடலைக்குயில், அதன் முட்டையைப் போலவே நீல நிறத்தில் முட்டையிட்டு வைக்கிறது. அந்தக் குஞ்சைத் தவிட்டுக்குருவிக் கூட்டமே இரை தேடி வளர்க்கிறது. அங்கும் ஏணியோடு போவீர்களா? ஒரே ஒரு குஞ்சுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள் இருக்கின்றன. 1977 முதல் சரணாலயமாக இருக்கும் அங்கே நத்தைகுத்தி நாரையும் வக்காவும் அரிவாள்மூக்கனும் கொக்கும் ஒரே மரங்களில் அடுத்தடுத்துக் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு அரைமணி நேரப் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு நாம் கூட்டைக் கலைத்துப் படம் பிடிக்கிறோம். பூட்டிய வீடுகளின் கொல்லைகளில் வேம்பும் புளியும் ஒவ்வொன்றாக வெட்டுப்படும்போது இந்தக் காக்கைப் பாசம் எங்கே போயிருந்தது? அப்போது பேசிய என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்கள்தாம் நேற்று அந்தக் காணொளிக்கு இதயக்குறி போட்டிருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எங்கள் பின்கட்டு வேம்பிலும் ஒரு காக்கைக் கூடு இருக்கிறது. பெண்குயில் இரண்டு நாட்களாக அந்தப் பக்கமே சுற்றுகிறது. நியாயம் வாங்கித் தருகிறேன் என்று யாரும் வர வேண்டாம். கொல்லைக் கதவைத் திறக்க மாட்டேன்.