மலீனியாவை வீழ்த்தியவர் வீழ்த்தியவர்தான்

நம் எல்டன் ரிங் வீடியோ கேம் குழுவில் நேற்று நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் மறுபடி போய்ப் பார்த்தபோது அந்தத் தங்கை தன் பதிவையே நீக்கிவிட்டிருந்தார். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. யார் என்ன எழுதினார்கள் என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்; அதனால் பெயர்களுக்குள் நான் போகவில்லை. எல்டன் ரிங்கின் மிகக் கடினமான எதிரிகளில் ஒருத்தியான மலீனியாவை வென்ற காணொளியை அந்தத் தங்கை ஆசை ஆசையாய்ப் பகிர்ந்திருந்தார். "மிமிக் டியரை இறக்கிவிட்டு ஓரமாக நின்றதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று ஒருவர் தொடங்கிவைத்தார். (மிமிக் டியர் என்பது சண்டையில் நாம் துணைக்கு அழைக்கும் ஓர் ஆவி.) "சொந்தக் கையால் அடித்தவர்கள் மட்டும் இங்கே போடுங்கள்" என்றார் அடுத்தவர். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். விளையாட்டு தானாகக் கொடுத்த துணையை அழைத்துக்கொண்டு போய் வென்றாலும் அது முழு வெற்றி. அதில் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை.

கேலி செய்தவர்களில் பலர் அந்தக் காணொளியை முழுதாகப் பார்க்கவே இல்லை என்பது அவர்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. மலீனியாவின் இரண்டாம் கட்டம் தொடங்கும்போது அவள் மேலெழுந்து கருஞ்சிவப்புப் பூவாக வெடித்து இறங்குவாள் அல்லவா, அந்த வெடிப்பிலேயே மிமிக் கரைந்துபோய்விட்டது. அதன் பிறகு அந்தப் பெண் தனியாகத்தான் நின்றார். உயிரேற்றும் குடுவையில் ஒரு மடக்குகூட மிச்சமில்லை. மலீனியா அந்தரத்தில் ஒரு கணம் அசையாமல் நின்றாள். வாட்டர்ஃபவுல் டான்ஸ் என்ற அவளுடைய கொடூரமான சுழல் தாக்குதல் வரப்போகிறது என்று விளையாடியவர்கள் அத்தனை பேருக்கும் அடிவயிறு கலங்கும் கணம் அது. முதல் சுழற்சிக்கு அவர் விலகி ஓடினார். இரண்டாவதற்கு ஓடாமல் அவள் பக்கமாகவே உருண்டு அடியில் புகுந்து வெளியே வந்தார். கடைசிச் சுழற்சியின் ஓரம் பட்டு உயிர்க்கோடு நூலளவுக்குச் சுருங்கியது. அப்போதும் பதறாமல், அவள் தரையிறங்கிய இடைவெளியில் ஒரு குதி குதித்து வெட்டினார்; ஆட்டம் முடிந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் "ஓரமாக நின்றார்" என்று எழுதினார்கள்.

அதற்காக, அவர் தனியாக முடித்ததால்தான் அது வெற்றி என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி அடியை அந்த மிமிக்கே அடித்திருந்தாலும் இதே பதிவை இதே கோபத்தோடு எழுதியிருப்பேன்.

மிமிக் டியர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரடான் என்ற பெரிய எதிரியை வீழ்த்தினால்தான் நிலத்தடியில் இருக்கும் நோக்ரான் நகரத்துக்கு வழி திறக்கும். அங்கே இறங்கி, கூரை கூரையாகத் தாவித் தேடி எடுக்க வேண்டும். அழைக்கும்போது நம் உயிரில் ஒரு பெரிய பங்கைக் கொடுக்க வேண்டும். வந்து நிற்பதோ நம்முடைய கவசத்தையும் நம்முடைய ஆயுதத்தையும் பூண்ட நம் உருவமேதான். நாம் அரைகுறையாகத் தயாராகிப் போயிருந்தால் அதுவும் அரைகுறையாகத்தான் சண்டை போடும். அதோடு, மலீனியாவின் அடி பட்டால் அவளுக்கு உயிர் ஏறும். கேடயத்தில் தாங்கினாலும் ஏறும். துணையாக நிற்கும் உருவத்தின் மேல் பட்டாலும் ஏறும். துணையோடு போகிறவர், அவள் தான் இழந்த உயிரைத் திரும்ப ஏற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே போராட வேண்டியிருக்கும். இதில் எங்கே இருக்கிறது இலவசம்?

2022 பிப்ரவரி 25 அன்று இந்த விளையாட்டு வெளிவந்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. இதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்வு செய்யும் வசதியை இதில் வைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக உலகத்தைத் திறந்துவிட்டு, எப்படி வெல்வது என்பதை நம் கையில் கொடுத்தது. ஆட்டம் தொடங்கும் லிம்கிரேவ் பகுதியில் கால் வைத்த உடனேயே பொற்கவசக் குதிரைவீரன் ட்ரீ சென்டினல் எதிரே நடமாடுகிறான். அந்த நேரத்தில் நம்மிடம் குதிரைகூட இல்லை. அவனை அப்போதே அடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிப் போ, வளர்ந்து திரும்பி வா என்பதுதான் இந்த உலகம் கற்றுத்தரும் முதல் பாடம். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற எதிரி தடுத்தால் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய்ப் பலம் சேர்த்துக்கொண்டு வரலாம். கோட்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பகுதியான லியூர்னியாவுக்கே போய்விடவும் பாதை இருக்கிறது. அதே மார்கிட்டின் சண்டைக்களத்து வாசலில் இருக்கும் பனித்திரைக்கு முன்னால் மந்திரவாதி ரோஜியரை அழைக்கும் பொன்னிறக் குறி தரையில் மின்னிக்கொண்டிருக்கிறது. அடுத்து கோட்டையின் தலைவன் காட்ரிக்கிடம் போனால் நெஃபலி லூ என்ற வீராங்கனை தயாராக நிற்கிறாள். கதையின் முதல் இரண்டு பெரிய எதிரிகளின் வாசலிலேயே துணையை நிறுத்தி வைத்தவர்கள் விளையாட்டைச் செய்தவர்கள். அந்தத் தங்கை எங்கிருந்தோ திருடிக்கொண்டு வரவில்லை.

ரடானின் சண்டையோ இன்னும் வெளிப்படை. கேலிட் பகுதியில், ரெட்மேன் கோட்டையில், அதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. சிவப்பு அழுகல் நோயில் மதியிழந்துபோன ஒரு மாவீரனுக்கு மரியாதையான சாவைக் கொடுக்க வீரர்கள் கூடி நிற்கிறார்கள். பிளெய்ட் இருக்கிறான், பானை வீரன் அலெக்சாண்டர் இருக்கிறான். மணற்பரப்பு முழுக்க அவர்களை அழைக்கும் குறிகள் கிடக்கின்றன. ஒருவர் விழுந்தால் மறுபடி அழைக்கலாம். கூட்டமாகப் போய் வெல்வதற்கென்றே எழுதப்பட்ட போர் அது. அங்கேயும் ஒருவர் தனியாகப் போய் வென்றால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால் கூட்டத்தோடு போனவரைப் பார்த்து "நீ விளையாடவில்லை" என்று சொன்னால், அந்தக் கதையே புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ரோடரிகா. ஸ்டார்ம்ஹில் குடிசையில் செந்நிற முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். கூட வந்தவர்கள் எல்லோரும் காட்ரிக்கின் கோட்டையில் மாண்டுபோக, பயத்தில் நகர முடியாமல் இருக்கும் பெண். வட்டமேசை மண்டபத்துக்கு வந்து, கொல்லர் ஹியூக்கின் அருகில் அமர்ந்து, ஆவிகளைச் செம்மைப்படுத்தும் வேலையைத் தன் வாழ்க்கையாக்கிக்கொள்கிறாள். நம் துணை ஆவிகளை அவள்தான் படிப்படியாகப் பலப்படுத்தித் தருகிறாள். துணைக்கு அழைப்பது கேவலம் என்று நினைக்கிறவர்கள் இப்படி ஒரு பாத்திரத்தை எதற்காக இத்தனை அன்போடு எழுத வேண்டும்?

விளையாட்டின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி 2024-இல், இதன் விரிவாக்கம் வரப்போகும் சமயத்தில் அளித்த ஒரு பேட்டியில், தனக்கு விளையாடும் திறமை போதாது, அதனால் விளையாட்டு தரும் எல்லா உதவிகளையும் விடாமல் பயன்படுத்தித்தான் ஆடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். செய்தவரே அப்படி ஆடுகிறார். அவரிடம் போய் "சொந்தக் கையால் அடியுங்கள்" என்று சொல்வீர்களா?

இனி என் கதை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன்கள் இரண்டு பேருக்கும் கடைசியாக நான். அப்பா கடனை உடனை வாங்கி ஒரு கேசட் போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி வாங்கித் தந்தார். நானும் ஆட வேண்டும் என்று அழுதால் என் கையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுப்பார்கள். திரையில் ஓடும் ஆளை நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்து விரல் வலிக்க அழுத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் பெட்டிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தபோது என் ஜாய்ஸ்டிக்கின் ஒயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது. அண்ணன்கள் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார். இப்போதும் பண்டிகைக்கு எல்லோரும் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை அதில் சிரிப்பு வந்ததில்லை. ஒரு பெண் தன் கையால் அடித்து வென்றதைப் போட்டுக் காட்டும்போது "நீ அடிக்கவில்லை" என்று பத்துப் பேர் சேர்ந்து சொல்வது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் தனியாக வென்றவர்களின் உழைப்புக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மதிப்பு உண்டு, நிறையவே உண்டு. எந்தத் துணையும் இல்லாமல், ஒரு அடிகூட வாங்காமல் மலீனியாவை முடித்தவர்களின் காணொளிகளை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கைத்திறன் எனக்கு வராது. அவர்களுக்கான பாராட்டில் ஒரு துளியைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தங்கை "நான் தனியாக வென்றேன்" என்று எங்கேயும் எழுதவில்லை. "வென்றுவிட்டேன்" என்றுதான் எழுதினார். அவர் மகிழ்ச்சியடைந்ததால் உங்கள் வெற்றியில் எது குறைந்தது?

"மிமிக் டியர் அளவுக்கு மீறிய பலம், அது விளையாட்டைக் கெடுக்கிறது" என்பவர்களுக்கு: 2022 மார்ச்சில் வந்த 1.03 திருத்தத்தில் அதன் தாக்குதல் பலத்தைக் குறைத்தார்கள். தவறென்று நினைத்திருந்தால் தூக்கியே எறிந்திருப்பார்கள். மாறாக, 2024 ஜூன் 21 அன்று வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்தில், துணை ஆவிகளையும் குதிரையையும் பலப்படுத்துவதற்கென்றே தனியாக ஒரு பொருளை நிலம் முழுக்கத் தூவி வைத்தார்கள். அந்த நிறுவனம் தன் முடிவை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

"அப்போது ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடுவதும் சரியா?" இல்லை. அது விளையாட்டுக்கு வெளியே இருந்து வருவது. நான் பேசுவது உள்ளே இருப்பதை.

"சும்மா கலாய்த்தோம், இதைப் போய்ப் பெரிதாக்குகிறீர்களே" என்று கட்டாயம் யாராவது எழுதுவார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே உள்பெட்டியில் எழுதிவிட்டார்கள். கலாய்ப்பது என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும். ஒரு பக்கம் சிரித்து, மறுபக்கம் பதிவை நீக்கிவிட்டுப் போய்விட்டால் அதற்குப் பெயர் வேறு. அந்தத் தங்கை குழுவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கேலிட்டில் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டபோது கேள்வி கேட்டார், சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார். எத்தனையோ இரவுகள் தோற்றுவிட்டு வந்து புலம்பினார். அப்போதெல்லாம் யாரும் அவரைத் துரத்தவில்லை. தோற்றுக்கொண்டிருந்தவரை அன்பாக இருந்தார்கள். வென்றவுடன்தான் விதிமுறைகள் வெளியே வந்தன.

நம் குழுவின் முகப்பில் சில காலம் யாருடைய படம் இருந்தது என்று நினைவிருக்கிறதா? தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துணியோடு, இரண்டு வாள்களுடன் நின்றவர். 2022-இல் 'லெட் மீ சோலோ ஹெர்' (அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்) என்ற பெயரில் மலீனியாவின் வாசலில் தன் குறியைப் போட்டு வைத்துவிட்டு, அழைத்தவர்களுக்கெல்லாம் போய் அவளை வீழ்த்திக் கொடுத்தவர். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனமே அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. உலகம் முழுக்க அவரைக் கொண்டாடினார்கள், நாமும் கொண்டாடினோம். அவரை அழைத்தவர்கள் யார்? தனியாக முடியாமல் தவித்தவர்கள். அவர்கள் ஓரமாக நின்று பார்க்க, அவர் அடித்து முடித்தார். அப்போது அவர்களைப் பார்த்து யாரும் "சொந்தக் கையால் அடி" என்று சொல்லவில்லை. உதவி செய்தவரை வீரன் என்று கொண்டாடிவிட்டு, உதவி பெற்றவரைக் கேவலமாகப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இது வெறும் மிமிக் டியர் பற்றிய சண்டையாக எனக்குத் தெரியவில்லை. மந்திரம் போட்டால் விளையாடத் தெரியாதவர், கேடயம் பிடித்தால் கோழை, வழிகாட்டி படித்தால் தகுதியில்லாதவர் என்று ஒவ்வொன்றாக எழுதி எழுதி, கடைசியில் அவர்களைப் போலவே ஆடுகிற நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். இந்தக் குழுவில் முன்பு நிறையப் பெண்கள் எழுதினார்கள். பேரனோடு சேர்ந்து ஆடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். லிம்கிரேவின் இடிந்த தேவாலயங்களைப் படம் பிடித்துப் போடுவார். அவரும் ஏதோ ஒரு கேலிக்குப் பிறகு காணாமல் போனார். நிர்வாகிகள் அன்றும் பேசவில்லை, நேற்றும் பேசவில்லை. கருத்துகளை மூடவாவது செய்திருக்கலாம்.

அந்தத் தங்கை இதைப் படித்தால், விரிவாக்கத்தில் வரும் நிழல் நிலத்துக்குப் போகும் முன் மோக் அரண்மனையை முடித்துவிடுங்கள். அங்கிருக்கும் கூட்டிலிருந்து நீளும் கையைத் தொட்டால்தான் வழி. உள்ளே போனதும் வெட்டவெளியில் நடக்கும் அந்தப் பிரம்மாண்டமான தீச்சட்டிப் பூதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், குதிரையில் கடந்து போங்கள். ஸ்காடுட்ரீ துண்டுகள் உங்கள் பலத்துக்கு, ரிவியர்ட் ஸ்பிரிட் ஆஷ் உங்கள் துணையின் பலத்துக்கு; இரண்டையும் தேடிச் சேர்த்த பிறகு பெரிய எதிரிகளிடம் போங்கள். மிமிக்கை இன்னும் பத்தாம் நிலைக்கு ஏற்றவில்லை என்றால் உள்பெட்டிக்கு வாருங்கள். அதற்கு வேண்டிய கிரேட் கோஸ்ட் குளோவ்வர்ட் கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.